பூட்டியது யார், சாவி யாரிடம்?

நீலத் திரையில் ஒரு வெற்றுக் கட்டம். அதன் கீழே, மீட்புச் சாவியை உள்ளிடுங்கள் என்று ஒரு வரி. 48 இலக்கங்கள். என்னிடம் அப்படி ஒரு சாவி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், இரவு பத்து மணிக்கு மேல். மின்சாரம் விட்டு விட்டு வந்ததில் மதர்போர்ட் எரிந்துபோன மடிக்கணினியை அன்று மாலைதான் திருத்தி எடுத்து வந்திருந்தேன். வன்தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று கடையில் சொன்னார்கள். அது உண்மைதான், எல்லாம் அப்படியேதான் இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை.

அந்த வன்தட்டில் ஆறு வருட வேலை இருந்தது. கட்டுரைகள் போனால் போகட்டும், பிரசுரமானவை எங்கேயாவது கிடைக்கும். வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களோடு பதிவு செய்த 31 உரையாடல்கள்தான் பிரச்சினை. அதில் ஒன்று, கிளிநொச்சியில் தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்தபடி ஒரு அம்மா மூன்று மணித்தியாலம் பேசியது. மகனை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் கையளித்தார் என்று நிமிடக் கணக்காகச் சொல்லியிருந்தார். அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய குரலுக்கு வேறு பிரதி இல்லை.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊடகக் கற்கை படித்தவள் நான். இளம் செய்தியாளர்களுக்கு டிஜிட்டல் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். கோப்புகளைப் பூட்டி வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவளின் கணினி, அவளுக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த விசித்திரமில்லை என்பதால்தான் எழுதுகிறேன். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பழைய இயந்திரங்களில் பெரும்பகுதிக்கு விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே காசுள்ளவர்கள் புதிதாக வாங்கினார்கள், இல்லாதவர்கள் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ காலி வீதிக் கடைகளிலோ பாவித்த மடிக்கணினி வாங்கினார்கள். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்தால், வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கம் செய்யப்படும். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பிட்லொக்கர் என்ற அந்தப் பூட்டின் சாவி, கணினிக்குள் இருக்கும் ரி.பி.எம். என்ற சிறிய சில்லில் இருக்கிறது. தினமும் கணினி தொடங்கும்போது அந்தச் சில்லு சத்தமில்லாமல் பூட்டைத் திறந்துவிடும். மதர்போர்டை மாற்றினால் சில்லும் மாறிவிடும். சில நேரங்களில் பயோஸ் புதுப்பிப்பு நடந்தாலே சந்தேகம் வந்துவிடும். அப்போதுதான் அந்த நீலத் திரை, அந்த 48 இலக்கங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதே, அன்றைக்கு விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் தொழில்நுட்பவியலாளர்கள் ஓடி ஓடித் தேடியதில் இந்த மீட்புச் சாவிகளும் அடக்கம். பல இடங்களில் சாவிகளின் பட்டியலே, முடங்கிப்போன சேவையகத்துக்குள்தான் இருந்தது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

என்னுடைய சாவி எங்கே போனது? அந்தச் சாவி, கணினியை முதன்முதலில் அமைத்தபோது உள்நுழைந்த மைக்ரோசொப்ட் கணக்குக்குத் தானாகப் பதிவேறும். என் கணக்கைத் திறந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. இரவு முழுக்க யோசித்தபிறகுதான் ஞாபகம் வந்தது: வாங்கிய அன்றைக்குக் கடையில் இருந்த தம்பிதான் எல்லாம் செய்து தந்தவர். "அக்கா, நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ, நான் போட்டு வைக்கிறன்" என்றார். நானும் போனேன்.

அடுத்த நாள் காலையில் போய் நின்றேன். அவர் தன்னுடைய கைத்தொலைபேசியை எடுத்து, கடையின் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, ஒரு பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனார். கணினியின் பெயர், சாவியின் அடையாளம், 48 இலக்கங்கள், பதிவேறிய திகதி. அடுத்தது. அடுத்தது. நாற்பதுக்குக் குறையாது. "எல்லாருக்கும் இதாலதான் போடுறது அக்கா. ஆக்களுக்குத் தங்கட கணக்கே தெரியாது, பாஸ்வேர்ட் மறந்திட்டுப் பிறகு எங்களோட சண்டைக்கு வருவினம்." என்னுடையதைக் கண்டுபிடித்து ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து உள்ளிட்டேன். திறந்தது. கிளிநொச்சி அம்மாவின் குரல் வந்தது.

அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. என் கணினியின் சாவி இரண்டு வருடமாக ஒரு கடையின் கைத்தொலைபேசியில் இருந்திருக்கிறது. நாற்பது பேருடைய சாவிகளோடு. யாராவது சீருடையிலோ சீருடை இல்லாமலோ வந்து அந்தத் தம்பியிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. தேத்தண்ணி குடிக்கப் போனது நான்.

*

ஒளித்து வைப்பதும் தொலைப்பதும் எங்களுக்குப் பழகிய விஷயங்கள். சோதனைச் சாவடிக்கு முன் புகைப்படங்களைக் கிழித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயரும்போது காணி உறுதிகளைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பிப் போனபோது கிணறும் இல்லை, அடையாளத்துக்கு வைத்த மரமும் இல்லை. 2007 ஜூன் 7 அதிகாலை கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்து தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, அன்றைக்கு அரை மணித்தியாலத்துக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பலர் கையில் எடுத்தது பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும்தான். மற்றதெல்லாம் அறையில்.

ஒற்றைப் பிரதியின் விலை என்ன என்பதை 1981 இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோதே கற்றோம். 97,000 நூல்கள் என்பார்கள். அச்சிட்ட புத்தகங்களில் பலவற்றை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் மறுபிரதி இல்லை.

பின்னாளில் தேடப்பட்டவை கணினிகள். 2012 ஜூன் 29 அன்று கோட்டேயில் ஸ்ரீலங்கா மிரர், ஸ்ரீலங்கா எக்ஸ் நியூஸ் இணையத்தளங்களின் அலுவலகத்துக்குள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் நுழைந்தார்கள். ஒன்பது பேரைக் கைதுசெய்து, கணினிகளையும் ஆவணங்களையும் எடுத்துச் சென்றார்கள். 2013 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் உதயன் அச்சகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு கையில் பறிமுதல், மறு கையில் நெருப்பு. பூட்டு முதலாவதற்குத்தான் உதவும். இரண்டாவதற்குப் பிரதி வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் நாங்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

இதெல்லாம் பழைய கதை, ஆட்சி மாறிவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த அகழ்வைத் தொடர்ந்து படம்பிடித்து வந்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன், அதே வருடம் ஓகஸ்ட் 17 அன்று அளம்பிலில் உள்ள பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரின் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டுப் பல மணித்தியாலம் விசாரிக்கப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று, எனக்குத் தெரிந்த மூன்று செய்தியாளர்கள் தங்கள் கைத்தொலைபேசிகளில் இருந்து படங்களை அழித்தார்கள். ஒருவர் நிரந்தரமாக. வேறு பிரதி வைத்திருக்கவில்லை. பொலிஸ் அவரிடம் வரவே இல்லை. அழித்தது அவரேதான்.

அரசாங்கம் எங்களைவிடக் கெட்டித்தனமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஓகஸ்ட் இறுதியில் லங்கா அரசாங்க மேகக் கணிமை மீது கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று பாய்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தத் தாக்குதல் செய்ததும் மறைகுறியாக்கம்தான்: உங்கள் கோப்பை உங்கள் வீட்டிலேயே வைத்துப் பூட்டி, சாவிக்கு விலை கேட்பது. நிகழ்நிலைப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளைப் புதுப்பிக்கக் காசு இருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்கள் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் அதே ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லலாம். அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டோம், அங்கே இருக்கும் என்று இருக்க முடியாது.

*

சரி, சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மைக்ரோசொப்டிடம் இருந்தால் வசதி. தொலைந்தால் எடுக்கலாம். ஆனால் அவர்களிடம் இருப்பதை நீதிமன்றம் கேட்டால் கொடுப்பார்கள். குவாமில் நடந்த ஒரு மோசடி விசாரணையில், மூன்று மடிக்கணினிகளின் பிட்லொக்கர் சாவிகளை அமெரிக்க எப்.பி.ஐ. கேட்டு, மைக்ரோசொப்ட் கொடுத்ததை 2026 ஜனவரியில் போர்ப்ஸ் வெளியிட்டது. வருடத்துக்குச் சுமார் இருபது கோரிக்கைகள் வருவதாக நிறுவனமே சொன்னது. ஒரு சாதாரண குடும்பப் படத் தொகுப்புக்கு இது ஒரு கவலையே இல்லை. சாட்சிகளின் பெயர்கள் இருக்கும் கோப்புக்குக் கவலைதான்.

அப்பிள் வேறு வழியில் போனது. ஐகிளவுட்டில் உள்ளதைத் தாங்களே திறக்க முடியாத மேம்பட்ட பாதுகாப்பு ஒன்றை விருப்பத் தெரிவாகத் தந்தது. பிரித்தானிய அரசாங்கம் 2016 ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தின் கீழ் அதற்குள் வழி கேட்டதும், 2025 பெப்ரவரியில் பிரித்தானியாவில் அந்த வசதியையே நிறுத்தியது. லண்டனில் இருக்கும் அண்ணாவின் ஐகிளவுட்டில் போட்டு வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கும் வெள்ளவத்தைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

லண்டன் என்றதும் இன்னொன்று. பிரித்தானியாவின் 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7 ஆவது அட்டவணைப்படி, விமான நிலையத்தில் சந்தேகமே இல்லாமல்கூட ஒருவரை ஆறு மணித்தியாலம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். கடவுச்சொல்லைக் கேட்டுக் கொடுக்காவிட்டால் அது குற்றம். கேஜ் அமைப்பின் பணிப்பாளர் முஹம்மட் ரப்பானி அப்படி மறுத்ததற்காக 2017 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஆகவே கொழும்பில் இருந்து ஆவணங்களைக் கொண்டுபோகும் உறவினர், ஹீத்ரோவில் எல்லாம் சுதந்திரம் என்று நினைத்து இறங்கக் கூடாது.

இலங்கையில் மடிக்கணினியைப் பூட்டி வைப்பது குற்றமல்ல. ஆனால் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் ஒரு விசாரணை நடந்தால், அதற்கு உதவும்படி கேட்கப்படுபவர் உதவ வேண்டும், மறுப்பது தண்டனைக்குரியது. அதைவிடப் பெரியது 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகும் தடுப்புக்காவல் உத்தரவில் ஒருவரைப் பன்னிரண்டு மாதங்கள் வரை வைத்திருக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். 2018 இல் ஒரு மாற்று வரைவு, 2023 இல் ஒன்று, 2025 டிசெம்பரில் நீதி அமைச்சு வெளியிட்ட இன்னொன்று. வரைவுகள் வருகின்றன, பழைய சட்டம் போகவில்லை.

அப்படியான ஒரு நாட்டில் கணிதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. பிட்லொக்கர் சாவி 128 பிட் நீளமானது. ஊகித்துத் திறக்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. ஆனால் நாலாம் மாடியில் யாரும் ஊகிக்கப் போவதில்லை. அடித்துக் கேட்பார்கள். இதை மேற்கத்தேய வழிகாட்டிக் கையேடுகள் ஒரு பகிடி வரியாக எழுதிவிட்டுக் கடந்து போகின்றன. எங்களுக்கு அது பகிடியில்லை.

அதனால்தான், எனக்கே தெரியாத சாவி என்ற யோசனை எங்கள் ஊடகவியலாளர் வட்டங்களில் அடிக்கடி வருகிறது. சாவியை ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டால், என்னிடம் இல்லாததை என்னிடமிருந்து எடுக்க முடியாதே? முடியாது. ஆனால், இல்லை என்று நான் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டுமே. நம்பாவிட்டால் அடி நிற்க வழியே இல்லாமல் போகிறது. இந்த யோசனையை ஒரு பயிற்சியில் நான் உற்சாகமாக முன்வைத்தபோது, முன்பு தடுப்பில் இருந்த ஒருவர் எழுந்து, "தங்கச்சி, சொல்லக்கூடிய ஏதாவது ஒண்டு கையில இருக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த யோசனையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆபத்தான பெயர்கள் என் கணினியில் இல்லாமலே இருக்க வேண்டும் என்பதுதான் அதைவிட நேர்மையான தீர்வு.

*

கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மூத்த பத்திரிகையாளர் ஒருவரிடம் இதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். தொண்ணூறுகளில் இருந்து எழுதுபவர். அவருடைய வீட்டில் இரும்பு அலுமாரி ஒன்று இருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை, வேண்டுமென்றே.

"பூட்டினா அதுக்குள்ள என்னவோ இருக்கெண்டு அர்த்தம் பிள்ளை. நான் எல்லாத்தையும் நாலு பேருக்குக் குடுத்து வச்சன். ஒரு வீடு எரிஞ்சா மற்றது இருக்கும். அந்த அம்மாமார் என்ன செய்யினம், மகன்ர படத்தை ஒளிச்சா வைக்கினம்? றோட்டில வச்சுக்கொண்டு இருக்கினம்."

அவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய அந்தத் தாய்மாரின் போராட்டத்துக்குப் பலமே வெளிப்படைத்தன்மைதான். படம், பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் எவ்வளவு பேரிடம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவற்றைப் பூட்டுவது மடத்தனம். பரவ விட வேண்டும்.

மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை. கிளிநொச்சி அம்மாவின் பதிவில், மகனைக் கையளித்த இடத்தில் நின்ற இன்னொருவரின் பெயர் வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார், குடும்பத்தோடு, இராணுவ முகாமுக்கு அரைக் கட்டை தூரத்தில். அவருடைய பெயர் நாலு பேரின் அலுமாரியில் இருக்க அவர் சம்மதிக்கவில்லை. அம்மாவுக்குச் சொன்னார், அம்மா எனக்குச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பெயரைக் காப்பாற்றும் கடமை அலுமாரிக்காரருக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. ஒரே பதிவுக்குள் பரப்ப வேண்டியதும் இருக்கிறது, பூட்ட வேண்டியதும் இருக்கிறது. இந்தப் பிரிப்பை எந்த மென்பொருளும் செய்து தராது. உட்கார்ந்து, கேட்டு, நிமிடம் குறித்துப் பிரிக்க வேண்டும். 31 பதிவுகளுக்கு எனக்கு ஏழு வாரம் எடுத்தது.

பூட்டினால் சந்தேகப்படுவார்கள் என்ற அவருடைய பயத்துக்கு மட்டும் இப்போது ஒரு பதில் இருக்கிறது. விண்டோஸ் 11 தானாகவே பூட்டுவதால், அமைச்சரின் மகளுடைய மடிக்கணினியும் பூட்டித்தான் இருக்கிறது. அவருக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். அலுமாரிக்குப் பூட்டுப் போடவில்லை.

*

நான் இப்போது என்ன செய்கிறேன் என்பதை எழுதுகிறேன். உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், கடைக் கணக்கிலிருந்து விடுபட்டேன். பிட்லொக்கரை முழுதாக நிறுத்தி, வன்தட்டு திறந்து முடியும் வரை காத்திருந்து, பிறகு திரும்பப் பூட்டினேன். அப்போது புதிய சாவி உருவாகும். கடைத் தம்பியிடம் இருக்கும் பழைய 48 இலக்கம் வெறும் எண்ணாகிவிடும். பூட்டை நாங்களே போடும் பிட்லொக்கர் வசதி விண்டோஸ் புரோ பதிப்பில்தான் இருக்கிறது. அங்கே சாவியை மைக்ரோசொப்டுக்கு அனுப்பாமல் கடதாசியில் அச்சிடலாம். ஹோம் பதிப்புக்காரர்கள் குறைந்தபட்சம் தங்கள் சொந்தக் கணக்கால் உள்நுழைந்து, சாவி அங்கே வந்து சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் மடிக்கணினியைக் கடையில் யாராவது அமைத்துத் தந்திருந்தால், இன்றைக்கே பாருங்கள். மதர்போர்ட் எரியும் வரை காத்திருக்க வேண்டாம். அப்பிள் கணினியில் இதே பூட்டுக்குப் பைல்வோல்ட் என்று பெயர். அங்கே மீட்புச் சாவி 24 எழுத்துகளும் இலக்கங்களும்.

சாவியைக் கையால் எழுதுபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். பிட்லொக்கரின் 48 இலக்கங்கள் ஆறு ஆறாக எட்டுக் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டமும் 11 ஆல் மீதியில்லாமல் வகுபடும். எழுதி முடித்ததும் கைத்தொலைபேசியின் கணிப்பானில் எட்டையும் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் அந்தக் கூட்டத்தில் எங்கோ பிழை. கணினி இல்லாத வீட்டில்கூடக் கடதாசியைச் சரிபார்க்கலாம். என் கடைத் தம்பி எழுதித் தந்ததில் ஒரு 1 ஐ நான் 7 என்று வாசித்திருந்தேன். இந்த விதி அப்போது தெரிந்திருந்தால் பத்து நிமிடப் பதற்றம் மிஞ்சியிருக்கும்.

கடதாசியை எங்கே வைப்பது? மடிக்கணினிப் பைக்குள் இல்லை. அப்படி வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். படம் எடுத்து வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்புவதும் வேண்டாம். வட்ஸ்அப்பின் கூகுள் ட்ரைவ் காப்புப் பிரதி, நீங்களாகத் தெரிவு செய்து பூட்டினால் ஒழிய முழுமையாகப் பூட்டப்படுவதில்லை. சாவி மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் எண். மடிக்கணினி மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் தகரம். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஆளின் கையில் சேராமல் இருந்தால் போதும். என் கடதாசி கடித உறையில் மூடி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கொழும்பில், வேறொரு வீட்டில். மற்றது கடலுக்கு அப்பால். அண்ணன் தம்பி நாலு நாட்டில் சிதறிக் கிடப்பதைப் பற்றி எவ்வளவோ புலம்பியிருக்கிறோம். இந்த ஒரு விஷயத்துக்கு அது உதவுகிறது. சாவியைப் பல துண்டாக்கி, ஐந்தில் எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யும் கணித முறையொன்றும் உண்டு. ஆடி ஷமீர் என்பவர் 1979 இல் வெளியிட்டார், எங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த அதே வருடம். பெரிய அமைப்புகளுக்கு அது பொருந்தும். ஒரு குடும்பத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து யாரிடம் எந்தத் துண்டு என்று தேட வைக்க நான் விரும்பவில்லை.

சாவியைக் காப்பாற்றியதால் கோப்பு காப்பாற்றப்பட்டது என்று அர்த்தமில்லை. வன்தட்டு செத்தால் 48 இலக்கங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகி கொலன்னாவைக்குள் தண்ணீர் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மடிக்கணினியும் அதன் காப்புப் பிரதி இருந்த வெளி வன்தட்டும் ஒரே மேசை லாச்சிக்குள் ஒன்றாக மூழ்கின. பிரதி என்றால் வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில். அந்தப் பிரதியும் பூட்டியிருக்க வேண்டும். கணினியைக் கவனமாகப் பூட்டிவிட்டு, புத்தக அலுமாரியில் இரண்டு டெராபைட் வன்தட்டைத் திறந்தபடி வைத்திருப்பவர்கள் எங்களில் அதிகம்.

வெளி வன்தட்டுக்கு வெராகிரிப்ட் பாவிக்கிறேன். இலவசம், விண்டோஸிலும் மக்கிலும் லினக்ஸிலும் திறக்கலாம். ஆனால் அதற்கு மீட்புச் சாவி என்று ஒன்று இல்லை. கடவுச்சொல் மறந்தால் முடிந்தது, எந்த நிறுவனத்துக்கும் கடிதம் எழுத முடியாது. ஆகவே கடவுச்சொல்லும் கடதாசிக்குப் போகிறது. தலைப்பகுதி என்று ஒரு சிறிய பகுதி பழுதானாலும் திறக்காது. அதற்கு அதிலேயே ஒரு காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டும். சிக்னல் 2025 இல் தந்த காப்புப் பிரதி வசதிக்கும் 64 எழுத்து மீட்புச் சாவி உண்டு. அதே கதைதான்: தொலைத்தால் அவர்களாலும் எடுத்துத் தர முடியாது.

மூலக் கோப்பை அப்படியே வைத்திருப்பதும் முக்கியம். வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருக்கப்படும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021 மார்ச் மாத 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்று ஜெனீவாவில் இயங்குகிறது. என்றைக்காவது அங்கேயோ வேறு ஒரு நீதிமன்றத்திலேயோ கேட்கும்போது, எது மூலம், எப்போது எடுத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

*

அம்மா இறந்தபிறகு அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. போன மாதம் கிளிநொச்சிக்குப் போய் அவருடைய மகளிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தேன். அந்த இன்னொருவரின் பெயர் வரும் நான்கு நிமிடங்களை நீக்கிய பிரதி அதில் இருந்தது; அதற்குப் பூட்டு இல்லை, யாருக்கும் போட்டுக் காட்டலாம். முழுப் பதிவும் பூட்டிய ஒரு பெட்டியாக அதே பென் டிரைவில் இருந்தது. அதன் கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். நான் இல்லாமல் போனாலும் திறக்க வேண்டுமே. பென் டிரைவை வீட்டிலும் கடதாசியை வேறிடத்திலும் வையுங்கோ என்று சொன்னேன்.

அவர் உள்ளே போய் அம்மாவின் துணிப் பையை எடுத்து வந்தார். ஆணைக்குழுத் துண்டுகள், செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், காணாமல் போனோர் அலுவலகத்தின் பற்றுச்சீட்டு, தம்பியின் பாடசாலைப் படம். எல்லாம் லமினேட் செய்யப்பட்டிருந்தன. மழையில் இருந்து காப்பாற்ற அம்மா செய்தது.

கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் லமினேட் பண்ணி மாமி வீட்டில குடுத்து வைக்கட்டோ அக்கா? கடைக்காரன் வாசிச்சிடுவானோ?"

வாசிப்பான் என்றேன். பக்கத்து வீட்டில் அகலமான செலோடேப் இருந்தது. இருவருமாக இரண்டு பக்கமும் ஒட்டினோம்.